போட்டை எண்ணுவதா, ஆட்களை எண்ணுவதா?



சென்ற மாதம் சீட்டுப் பிடிப்பதில் உள்ள சிக்கல்கள் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு கொட்டியாரக்குடாவின் தென்கரையிலிருந்து ஒரு அக்கா, "மிஸ், காசுக் கணக்கு எழுதினீங்கள். எங்கட போட் கணக்கையும் எழுதுங்கோ. என்ர பேர் மட்டும் வேண்டாம்" என்று சொல்லியனுப்பினார். எனவே இம்மாதம் அவருடைய கதையையே எழுதுகிறேன். இது ஒருவருடைய கதையாக இருந்தாலும், குச்சவெளி தொடக்கம் வெருகல் வரையுள்ள எங்கள் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் இதே கேள்வி இருக்கிறது. இருக்கிற பெரிய போட்டை விற்றுவிட்டுச் சிறியதொன்றுக்கு மாறுவதா? அல்லது கடன்பட்டாவது இரண்டாவது போட் ஒன்றைச் சேர்ப்பதா?

முதலில் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய ஊர் சம்பூர்ப் பக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவர்களது பழைய வள்ளம் போனது. 2005 இல் ஒரு தொண்டு நிறுவனம் கணவரின் பெயருக்கு பைபர் போட் ஒன்று கொடுத்தது. அதில் ஒரு வருடம்கூட முழுமையாகத் தொழில் செய்யவில்லை. 2006 ஏப்ரலில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தப் போட் கரையிலேயே நின்றுவிட்டது. அந்த இடப்பெயர்விலேயே கணவரையும் இழந்தார். கைக்குழந்தையாக இருந்த மகனுடன் கட்டைபறிச்சான், கிளிவெட்டி என்று முகாம் முகாமாகப் பத்து வருடங்கள். 2016 இல்தான் சொந்தக் காணியில் மீண்டும் கால் வைத்தார்.

2018 இல் தாலிக்கொடியையும் காப்பையும் விற்று, 23 அடி பைபர் போட் ஒன்றைப் பழசாக வாங்கினார். எஞ்சினுக்குப் பணம் போதாமல் மீன் முதலாளி ஒருவரிடம் முற்பணம் எடுத்தார். கடலுக்குப் போவது அவருடைய தம்பியும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும். மகன் பதினெட்டு வயதானதும் மூன்றாம் ஆளாகச் சேர்ந்துகொண்டான். போட்டின் பதிவு தம்பியின் பெயரில் இருந்தது. "கந்தோருக்கு அலையிறது ஆம்பிளையள்தானே எண்டு அப்ப விட்டிட்டன்" என்றார் அக்கா.

2025 ஜனவரியில் தம்பி ஒரு யோசனை சொன்னார். மகனும் ஆளாகிவிட்டான், குடாவுக்குள் தொழில் செய்யச் சின்னப் போட் ஒன்றை வாங்கினால் பெரியது வெளிக்கடலுக்கும் சின்னது குடாவுக்கும் போகலாம், வருமானம் இரட்டிக்கும் என்பது அவருடைய எண்ணம். அக்கா என்னிடம் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். "நல்ல யோசனைதானே அக்கா" என்றேன். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கான ஒரு கடன் திட்டத்தின் படிவத்தையும் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு, சொத்துக் கூடினால் குடும்பம் முன்னேறும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. நாங்கள் எழுதும் திட்ட அறிக்கைகளும் அப்படித்தான். எத்தனை போட் கொடுத்தோம், எத்தனை ஆடு கொடுத்தோம் என்றுதான் எழுதுவோம். அவற்றைப் பராமரிக்க அந்த வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதற்கு அறிக்கையில் கட்டம் இருப்பதில்லை.

படிவத்தை வாங்கிவைத்த அக்கா உடனே கையெழுத்துப் போடவில்லை. அலுமாரிக்குள்ளிருந்து ஒரு சீஆர் கொப்பியை எடுத்துவந்தார். போட் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் போன எண்ணெய், வந்த மீன், விற்ற காசு எல்லாம் அதில் இருந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் அந்தக் கொப்பிக்கு முன்னால் நான் மாணவியாகத்தான் இருந்தேன்.

கொப்பி சொன்ன கணக்கு

கடல் அமைதியாக இருந்த ஒரு நல்ல மாதத்தை எடுத்துக்கொண்டோம். மண்ணெண்ணெய் லீற்றரை 185 ரூபா என்று வைத்துக்கொண்டோம். பெரிய போட் வெளிக்கடலுக்குப் போனது 20 நாட்கள். ஒரு தடவைக்கு 30 லீற்றர்படி 600 லீற்றர், 111,000 ரூபா. ஐஸ், டூ ரீ ஒயில், சாப்பாட்டுச் செலவு 25,000. மீன் விற்றது 310,000. செலவு போக மிகுதி 174,000. அதில் பாதி போட்டுக்கும் வலைக்கும், மறுபாதி கடலுக்குப் போன மூவருக்கும் என்பது அவர்களுடைய பங்கு முறை. போட் பங்கு 87,000. மகனுடைய பங்கு 29,000. இரண்டும் சேர்ந்து வீட்டுக்கு 116,000 வந்தது.

கேட்க நல்ல தொகைதான். ஆனால் வலைக்கும் எஞ்சின் திருத்தத்துக்கும் 35,000 போனது. முதலாளி முற்பணத்துக்குக் கழித்தது 20,000. மிஞ்சியது 61,000. இதுவும் நல்ல மாதத்தில்தான். வாடை பெயர்ந்து கார்த்திகை, மார்கழி, தை என்று வந்தால் மாதத்தில் ஐந்து ஆறு நாட்களுக்கு மேல் வெளிக்கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் கொப்பியில் வெறும் கோடுகள்தான் இருந்தன.

இன்னொன்றையும் அக்கா சுட்டிக்காட்டினார். முற்பணம் தீரும்வரை மீனை அந்த முதலாளிக்கே கொடுக்க வேண்டும். அவர் சொல்வதுதான் விலை. சந்தையில் பாரை என்ன விலை போனாலும் அக்காவின் மீனுக்கு அந்த விலை கிடைப்பதில்லை. இந்த நட்டம் கொப்பியில் தனியாக எழுதப்படாவிட்டாலும் ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

அடுத்து, இரண்டாவது போட் வாங்கினால் என்ன நடக்கும் என்று பார்த்தோம். பழைய 18 அடி போட்டும் 15 குதிரைவலு எஞ்சினுமாக ஆறு லட்சம். கடன் படிவத்தின்படி மாதம் 23,000 வீதம் 36 மாதங்கள். மொத்தம் 828,000 கட்ட வேண்டும். அதாவது வட்டி மட்டும் 228,000. வாடை மாதங்களில் கடல் ஓய்வு கொடுத்தாலும் தவணை ஓய்வு கொடுக்காது.

பிறகு அக்கா கேட்ட கேள்விதான் என்னைத் திடுக்கிட வைத்தது. "மிஸ், சின்னதுக்கு மகன் போனால் அவனோட ஆர் போறது? அவன் இறங்கிட்டால் பெரிசுக்கு மூண்டாம் ஆள் ஆர்?" உண்மையில் இரண்டு புதிய ஆட்கள் தேவை. ஊரில் இளம் பொடியன்கள் வெளிநாட்டுக்கும் கூலி வேலைக்கும் போய்விட்டார்கள். ஆள் கிடைக்காத நாளில் இரண்டில் ஒன்று கரையில்தான் நிற்கும். கரையில் நிற்கும் போட்டுக்கும் தவணை கட்ட வேண்டும், வெயிலில் வெடிக்காமல் ஓலை போட்டு மூட வேண்டும், எஞ்சினைப் பழுதாகாமல் பார்க்க வேண்டும்.

சகோதரிகளே, எந்தப் படிவத்திலும் வராத இன்னொரு கணக்கும் உண்டு. அதிகாலையில் எழும்பிச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதும், வந்த வலையில் மீன் கழற்றுவதும், வலை பொத்துவதும், மிஞ்சியதைக் கருவாடு போடுவதும் யார்? இரண்டாவது போட் வந்தால் அந்த வேலையும் இரட்டிக்கும். ஆனால் அக்கா இரண்டாகப் போவதில்லை.

சிறியதுக்கு மாறினால்?

பக்கத்தில் குடாவுக்குள் சிறு போட்டில் தொழில் செய்யும் ஒரு குடும்பத்திடம் விசாரித்தோம். அவர்கள் சொன்னபடி, ஒரு நாளைக்கு 8 லீற்றர் போதும். மாதத்தில் 24 நாட்கள் போனால் 192 லீற்றர், 35,520 ரூபா. ஐஸ், ஒயில் என்று இன்னும் ஏறத்தாழ 9,500. இறால், நண்டு, சூடை என்று விற்பது 150,000 மட்டில். மிகுதி 105,000. போட் பங்கு 52,500. இரண்டு பேர் போனால் மகனுக்கு 26,250. மொத்தம் 78,750. வலைக்கும் எஞ்சினுக்கும் 15,000 கழித்தால் 63,750.

இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். பெரிய போட்டில் 61,000. சின்னப் போட்டில் 63,750. இவ்வளவு ஓடி, இவ்வளவு எண்ணெய் எரித்து, கடைசியில் வீட்டுக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுதான். பெரியதை எஞ்சினோடும் வலையோடும் விற்றால் 950,000 வரை கேட்டார்கள். முதலாளிக்கு மிச்சமிருந்த 250,000 ஐக் கொடுத்து, ஆறு லட்சத்துக்குச் சின்னதை வாங்கி, குடாவுக்கேற்ற வலைகளும் எடுத்தால் கடனே இல்லை. மீனை விரும்பியவருக்கு விற்கலாம்.

இதில் இழப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெளிக்கடலில் சூரையும் பாரையும் படும் சீசனில் ஒரே நாளில் எண்பதாயிரத்துக்கு மீன் பட்ட நாள் அவர்களுக்கு இருந்திருக்கிறது. சின்னப் போட்டில் அது ஒருபோதும் நடக்காது. தம்பிக்கு அந்த நாள்தான் நினைவில் நின்றது. அந்த மாதத்தின் மற்றப் பத்தொன்பது நாட்களும் கொப்பியில் இருந்தன. அத்துடன் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொழில் போகும். தம்பியின் பங்கும் கொஞ்சம் குறையும். அக்கா இரவில் நித்திரை கொள்ளாமல் யோசித்தது இவற்றைத்தான்.

போட்டின் அளவை யார் தீர்மானித்தார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்ப்போம். யுத்த காலத்தில் எங்கள் கடலில் எஞ்சினின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு. கடலுக்குப் போகும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடு. பாஸ் இல்லாமல் இறங்க முடியாது. அப்போது ஒரு குடும்பத்தின் போட் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை அந்தக் குடும்பம் தீர்மானிக்கவில்லை.

பிறகு சுனாமி. இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அழிந்தோ சேதமடைந்தோ போயின. உதவி வந்தது, அதை நன்றியுடனேயே நினைவுகூர வேண்டும். ஆனால் சில கரைகளில் முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகச் சிறு போட்டுகள் வந்து இறங்கின. கடலுக்கே போகாதவர்களுக்கும் கிடைத்தன. கடலில் இறக்க முடியாத தரத்திலும் சில இருந்தன. மீன்வளத்துக்கு மிஞ்சிய போட்டுகள் சேரக் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் அப்போது எச்சரித்தது. அந்தப் போட்டுகள் பெரும்பாலும் "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் ஆண்களுக்கே எழுதப்பட்டன. வீடுகளும் அப்படியே எழுதப்பட்டபோது கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

பின்னர் கடனும் எண்ணெயும் தீர்மானித்தன. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு எங்கள் பெண்கள் தவணைகளில் மூழ்கியிருந்தார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அப்போது முதலில் கரையில் நின்றவை பெரிய எஞ்சின் பூட்டிய போட்டுகள். பிறகு விலை படிப்படியாக இறங்கியது. பழைய 87 ரூபா திரும்பி வரவில்லை.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய பாடமும் அல்ல. பாக்குநீரிணையில் இழுவைப் படகுகளைக் குறைப்பதற்காக 2017 இல் இந்தியாவில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு மீனவர் தமது இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு 80 லட்சம் இந்திய ரூபா பெறுமதியான ஆழ்கடல் படகுக்கு மாறலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. அதில் 70 வீதம் அரசுகளின் மானியமாக இருந்தது. நோக்கம் நல்லதே. எங்கள் வடபகுதிக் கடலுக்கும் நன்மை தரக்கூடியதே. ஆனாலும் எதிர்பார்த்த அளவு பேர் முன்வரவில்லை. கையிலிருந்து போட வேண்டிய பணமும், பெரிய படகை ஓட்டும் செலவும், ஆழ்கடல் தொழிலுக்குப் பழகிய ஆட்கள் போதாமையும் அவர்களைத் தயங்க வைத்தன.

பெயர் யாருடையது?

கணக்குப் பார்த்து முடிந்த பிறகுதான் பெரிய முட்டுக்கட்டை தெரிந்தது. போட்டை விற்பதென்றால் தம்பியின் கையெழுத்து வேண்டும். பதிவில் இருப்பது அவர் பெயர். காசு அக்காவின் தாலிக்கொடியிலிருந்து வந்தது என்பது ஊருக்கெல்லாம் தெரியும், பதிவுப் புத்தகத்துக்குத் தெரியாது.

தம்பி கெட்டவரல்ல. அக்காவின் மகனைத் தன் மகனைப்போலப் பார்த்தவர். ஆனால், கடலில் போகிறவர்களுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், எங்கள் மாவட்டத்துத் தமிழருக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தின்படி அவருடைய சொத்தில் பாதி மனைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் போகும். அக்காவுக்கு எதுவும் இல்லை. (முஸ்லிம் சகோதரிகளுக்கு வாரிசுரிமைச் சட்டம் வேறு. அதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.) இதைச் சொன்னபோது அக்கா நெடுநேரம் பேசவில்லை.

பிறகு தானே தம்பியிடம் போய்ப் பேசினார். முதலில் அவர் கோபித்தார். "பெரிய போட்டில நிண்டவன் சின்னனுக்கு இறங்கினா ஊர் சிரிக்கும் அக்கா" என்றார். இரண்டு கிழமைகள் இந்தப் பக்கம் வரவில்லை. அக்கா கொப்பியை மகனிடம் கொடுத்து மாமாவிடம் அனுப்பினார். மூன்றாம் கிழமை தம்பி கொப்பியோடு வந்தார். கையெழுத்துப் போட்டார். "கணக்கில பிழை ஒண்டும் இல்லை" என்று மட்டும் சொன்னாராம்.

2025 மார்ச்சில் பெரிய போட் விலைப்பட்டது. வாங்கியவர்கள் அதை எடுத்துப்போன நாளில் அக்கா கரைக்கு வரவில்லை. சின்னப் போட் அக்காவின் சொந்தப் பெயரில் பதிவாகியது. கடற்றொழில் திணைக்களத்தின் படிவத்தில் "உரிமையாளர்" என்ற இடத்தில் அவர் கையெழுத்திட்டபோது நானும் கூட இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேறொருவரின் போட்டில் சேர்ந்திருக்கிறார். ஆனால் முன்னைப்போல ஒவ்வொரு நாளும் தொழில் இல்லை. அவருடைய மனைவி அக்காவுடன் இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. இதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

முதல் இரண்டு மாதமும் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. குடாவின் நிலம் மகனுக்குப் பிடிபட நாளெடுத்தது. கப்பல் போகும் பாதையையும் பிறர் வலை போடும் இடங்களையும் பழக வேண்டியிருந்தது. பிறகு மெல்ல மெல்லச் சரியானது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றபோது, அக்காவும் மகனும் தம்பியும் அயலவர் இருவருமாகப் போட்டைக் கரையிலிருந்து நன்றாக உள்ளே இழுத்துப் பனையில் கட்டினார்கள். பல நாட்கள் தொழில் இல்லை. வீட்டில் கஷ்டம்தான். "ஆனால் மிஸ், வாசலில தவணைக்கெண்டு ஒருத்தரும் வந்து நிக்கேல்ல" என்றார்.

எல்லோரும் போட்டை விற்றுச் சிறியதுக்கு மாறுங்கள் என்று நான் எழுதுகிறேன் என எடுத்துக்கொள்ள வேண்டாம். குச்சவெளிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இரண்டாவது போட் வாங்கி நன்றாக இருக்கிறார். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு மருமகனும் கடலுக்குப் போக இருக்கிறார்கள். இரண்டு போட்டுக்கும் வீட்டிலேயே ஆட்கள். பாதிப் பணத்தைச் சேமித்த பிறகே மீதிக்குக் கடன் எடுத்தார். அவருக்கு அது சரியான முடிவு.

ஆகவே, இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். கடலுக்குப் போக எங்கள் வீட்டில் உண்மையில் எத்தனை பேர்? வாடை மாதங்களில் தவணை எங்கிருந்து வரும்? மீனை விரும்பிய இடத்தில் விற்கும் சுதந்திரம் எங்களுக்கு இருக்கிறதா? வீட்டிலும் கரையிலும் கூடும் வேலையை யார் செய்வது? பதிவு யாருடைய பெயரில்? உங்கள் பணத்தில் வாங்கிய போட் இன்னொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் போய்ப் பெயர் மாற்றுவது பற்றிக் கேளுங்கள். பெண் போட் உரிமையாளராக இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். போன எண்ணெயையும் வந்த மீனையும் எழுதத் தொடங்குங்கள். ஒரு வருடம் எழுதினால் போதும். அதற்குப் பிறகு என்னைப் போன்ற ஒருத்தி படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "கொஞ்சம் இருங்கோ மிஸ், என்ர கணக்கைப் பார்த்திட்டுச் சொல்றன்" என்று உங்களால் சொல்ல முடியும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.